வேளாண் படிப்பு திரைக்கு மாறும்போது: வாசகர் கேள்வி – பதில்

வேளாண் பட்டப்படிப்பின் பாடங்கள் கரும்பலகையிலிருந்து கணினித் திரைக்கு மாறுவது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். ஏட்டுப் பாடத்தை இணையத்தில் ஏற்றுவதில் தவறில்லை, ஆனால் அதனால் மிச்சமாகும் ஒவ்வொரு மணி நேரமும் வயலுக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதே அதில் நான் சொன்னது. அதையொட்டி மாணவர்களும் ஆசிரியர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே விடை எழுதுகிறேன். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கியிருக்கிறேன்.

கேள்வி: வேளாண் இளநிலை மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இந்தப் பருவத்திலிருந்து எங்களுக்குப் பாதிப் பாடங்கள் இணையவழியில் நடக்கின்றன. எனக்கு முன் படித்து முடித்தவர்களைவிடக் குறைவாகக் கற்றுக்கொண்டு வெளியேறுவேனோ என்று அச்சமாக இருக்கிறது. இது வீண் அச்சமா? – ஒரு மாணவி

பதில்: வீண் அச்சம் அல்ல. ஆனால் எது போய்விடுமென்று அஞ்ச வேண்டும் என்பதில் தெளிவு வேண்டும். விரிவுரை அறையில் ஐம்பது நிமிடம் உட்கார்ந்து குறிப்பெடுத்தது போய்விட்டதே என்று நீங்கள் வருந்த வேண்டியதில்லை. அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் அமெரிக்காவில் ஒரு கட்டுரை வெளியானது. ஆசிரியர் பேச மாணவர் கேட்டுக்கொண்டிருந்த வகுப்புகளில் தேறாமல் போனவர்களின் விகிதம், மாணவர்கள் தாமே செய்தும் விவாதித்தும் கற்ற வகுப்புகளில் இருந்ததைப் போல ஒன்றரை மடங்கு என்று அது காட்டியது. அதற்கு முன்பே, 2010-இல், அமெரிக்கக் கல்வித் துறை வெளியிட்ட தொகுப்பாய்வு, இணையப் பாடத்தையும் நேர் வகுப்பையும் கலந்து படித்தவர்கள் நேர் வகுப்பில் மட்டும் படித்தவர்களைவிடச் சற்று மேலாகத் தேறியதைக் கண்டது; ஆனால் அவர்களுக்குக் கூடுதலாகக் கிடைத்த படிப்பு நேரமும் பாடப்பொருளும் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்றும் அதே அறிக்கை எச்சரித்தது. எனக்கு அந்த எச்சரிக்கைதான் பெரிதாகப் படுகிறது. திரை தானாக யாரையும் தேற வைத்துவிடுவதில்லை. திரையால் கிடைத்த நேரத்தை என்ன செய்தோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆகவே உங்கள் கால அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணிப் பாருங்கள். விரிவுரைகள் இணையத்துக்குப் போன பிறகு செயல்முறை வகுப்புகளின் மணிக்கணக்கு கூடியிருக்கிறதா, அப்படியே இருக்கிறதா, குறைந்திருக்கிறதா? குறைந்திருந்தால் உங்கள் வகுப்பினர் அனைவரும் சேர்ந்து துறைத் தலைவரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

அதே வேளையில், பழைய முறையில் எல்லாம் நிறைவாக இருந்தது என்றும் எண்ண வேண்டாம். நெற்பூவைப் பாருங்கள். அது முற்பகலில் விரிகிறது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் திறந்திருந்துவிட்டு மூடிக்கொள்கிறது. பயிர்ப் பெருக்கச் செயல்முறை வகுப்பு பிற்பகல் இரண்டு மணிக்கு என்று அட்டவணை போட்ட கல்லூரியில், உமி பிளந்து மகரந்தப் பைகள் வெளியே தொங்குவதை ஒருமுறைகூடக் காணாமலே பட்டம் பெற்றவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தைப் பூங்கதிரின் அருகிலேயே நின்று எடுத்த ஐந்து நிமிடக் காணொளி அவர்களுக்குப் பெரிய கொடையாக இருந்திருக்கும். இரவில் வந்து முட்டையிடும் அந்துப்பூச்சியும் மண்ணுக்குள் நீளும் வேரும் அப்படித்தான். செயல்முறை வகுப்பின் நேரத்துக்கு அவை காத்திருப்பதில்லை. காணொளியில் பார்த்துவிட்டு, மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு வயலில் போய் நின்று, கையில் இடுக்கியோடு அந்த உமியை நீங்களே திறந்து பார்த்தால், உங்கள் முன்னோடிகளைவிட நீங்கள் ஒரு படி மேலே இருப்பீர்கள்.

கேள்வி: இருபது ஆண்டுகளுக்கு மேலாக மண்ணியல் கற்பித்து வருகிறேன். என் பாடங்கள் அனைத்தையும் காணொளியாகப் பதிவு செய்து தரச் சொல்கிறார்கள். கோட்பாட்டைப் பதிவு செய்துவிடலாம். மண்ணைத் தொட்டு அறிவதை எந்தக் கருவியால் பதிவு செய்வது? – ஓர் உதவிப் பேராசிரியர்

பதில்: உங்கள் கேள்வியிலேயே வேதனை இருக்கிறது, அது எனக்குப் புரிகிறது. முதலில் எளிதான பகுதியைச் சொல்லிவிடுகிறேன். வகுப்பில் பேசுவதைப் போல ஐம்பது நிமிடம் பேசிப் பதிவு செய்ய வேண்டாம். எட்எக்ஸ் என்ற இணையக் கல்வித் தளத்தின் பாடக் காணொளிகளை மாணவர்கள் பார்த்த 69 லட்சம் அமர்வுகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வு, காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்த்த நேரப்படி வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மாணவர் அதில் செலவிட்ட நேரம் ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை என்று கண்டது. ஆகவே ஒரு காணொளிக்கு ஒரே கருத்து போதும். களிமண் துகளின் பரப்பில் ஏன் எதிர்மின்னேற்றம் இருக்கிறது என்பது ஒன்று. அந்த மின்னேற்றம் கால்சியத்தையும் பொட்டாசியத்தையும் எப்படிப் பிடித்து வைக்கிறது என்பது இன்னொன்று. ஒவ்வொன்றின் முடிவிலும் மாணவர் விடை எழுதிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக முடியும் என்று ஒரு கேள்வியை வைத்துவிடுங்கள்.

இனி, தொட்டு அறிவது. மண் நயத்தை, அதாவது மணலும் வண்டலும் களியும் அதில் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்பதை, விரலால் அறியும் முறையை நீங்கள் எத்தனையோ முறை செய்து காட்டியிருப்பீர்கள். மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். உள்ளங்கை கொள்ளும் அளவு மண்ணை எடுத்து, கல்லையும் வேரையும் நீக்கி, சொட்டுச் சொட்டாக நீர் விட்டுப் பிசைய வேண்டும். இறுக்கிப் பிடித்தால் உருண்டையாக நிற்காமல் உதிர்ந்தால் அது மணல். நின்றால், அந்த உருண்டையைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே வைத்து நாடாவைப் போல மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே போக வேண்டும். நாடா தன் எடை தாங்காமல் முறியும் இடத்தில் அளக்கிறோம்: 2.5 சென்டிமீட்டருக்குள் முறிந்தால் இருமண் வகை, 2.5 முதல் 5 வரை வந்தால் களி கலந்த இருமண், 5-ஐத் தாண்டினால் களிமண். பிறகு ஒரு சிட்டிகையை நீர் நிறைய விட்டு உள்ளங்கையில் தேய்த்தால், மணல் நறநறக்கும், வண்டல் மாவைப் போல வழவழக்கும், களி விரலில் ஒட்டிக்கொண்டு விடாது.

இதில் காணொளியால் தர முடிந்தது செய்முறை வரிசை மட்டும்தான். நறநறப்பைத் தர முடியாது. ஆனால் மாணவர் இருக்கும் இடத்தில் மண் இருக்கிறதே! ஆய்வுக்கூடத்தில் பகுப்பாய்வு செய்து நயம் உறுதியான மூன்று மண்களைச் சிறு பொட்டலங்களாக்கி, பருவத் தொடக்கத்தில் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து அனுப்புங்கள். அவற்றைப் பிசைந்து விரலைப் பழக்கிய பிறகு, அவரவர் வாழும் இடத்தில் மேல்மண்ணையும் அரை மீட்டர் ஆழத்து மண்ணையும் எடுத்து, நாடாவை அளவுகோலின் மேல் வைத்துப் படம் எடுத்து, நீளத்தையும் தம் தீர்ப்பையும் எழுதி வகுப்புத் தளத்தில் இடட்டும். நாற்பது மாணவர்கள் இருந்தால் எண்பது மண்கள் உங்கள் முன் வந்து சேரும். கல்லூரிப் பண்ணையின் ஒரே மண்ணை ஆண்டுதோறும் காட்டிக்கொண்டிருந்த நமக்கு இது கிடைத்திராத வாய்ப்பு. மாணவர்கள் சிதறியிருப்பதைக் குறையாக மட்டும் பார்த்த நானே, இப்படி ஒரு பயிற்சியைச் செய்து பார்த்த பிறகுதான் கருத்தை மாற்றிக்கொண்டேன்.

ஒரே ஒரு எச்சரிக்கை: மண்ணின் நிறத்தை மட்டும் படத்தை வைத்துத் தீர்மானிக்க விடாதீர்கள். மண்ணின் நிறத்தை ஒப்பிட்டு அறிய உதவும் மன்செல் நிற அட்டையின் அடுத்தடுத்த இரண்டு கட்டங்களுக்கு இடையே இருக்கும் வேறுபாட்டை ஒவ்வொரு கைப்பேசியும் ஒவ்வொரு விதமாகக் காட்டும். அட்டையை மண்ணுக்கு அருகில் வைத்து, பகல் வெளிச்சத்தில், கண்ணால் பார்த்தே எழுத வேண்டும். அதற்கு மாணவர்கள் கல்லூரிக்கு வந்தே ஆக வேண்டும்.

கேள்வி: நான் இருக்கும் இடத்தில் இணைய இணைப்பு அடிக்கடி அறுந்துபோகிறது. நேரலை வகுப்பில் பாதிதான் காதில் விழுகிறது. இதற்கு மாணவன் என்ன செய்ய முடியும்? – முதலாண்டு மாணவர் ஒருவர்

பதில்: இதில் மாணவரால் செய்யக்கூடியது குறைவு, ஆசிரியரால் செய்யக்கூடியது நிறைய. கணக்கைப் பாருங்கள். நொடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் ஓடும் 45 நிமிடக் காணொளிக்கு ஏறத்தாழ 340 மெகாபைட் தேவை. அதே பேச்சை ஒலியாக மட்டும், நொடிக்கு 48 கிலோபிட் அளவில் பதிவு செய்தால் 16 மெகாபைட் போதும். விளக்கப் படங்களைத் தனிக் கோப்பாக இணைத்தாலும் இன்னும் சில மெகாபைட்தான் கூடும். பேசும் ஆசிரியரின் முகம் 45 நிமிடமும் அசைந்துகொண்டிருப்பதற்காக இருபது மடங்கு தரவைச் செலவிடச் சொல்வது அறமாகாது. அசைவைப் பார்த்தே ஆக வேண்டிய இடங்களுக்கு மட்டும், ஒட்டுக் கட்டும் கை, தெளிப்பான் முனையைக் கழற்றும் கை ஆகியவற்றுக்கு மட்டும், காணொளியை வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கை உங்கள் ஆசிரியரிடம் காட்டி, ஒலிப்பதிவும் படங்களும் பதிவிறக்கும் வடிவில் வேண்டுமென்று கேளுங்கள். நேரலையில் கலந்துகொள்ளாததற்காக வருகைப் பதிவைக் குறைப்பதாக இருந்தால், அதை மாற்றச் சொல்லி உங்கள் பெயரோடு வகுப்பினர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். 2020-இல் பெருந்தொற்று உச்சத்தில் இருந்தபோது உலகெங்கும் 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்களின் படிப்பு தடைப்பட்டதாக யுனெஸ்கோ கணக்கிட்டது. அந்த அவசரத்தில் நேரலையைத் தவிர வேறு வழி பலருக்குத் தோன்றவில்லை. இன்று அந்த அவசரம் இல்லை. அன்றைய பழக்கம் மட்டும் நீடிக்கிறது.

கேள்வி: இலையைப் படம் எடுத்தால் நோயின் பெயரைக் கைப்பேசியே சொல்லிவிடுகிறது. இனிப் பயிர் நோயியலை நான்கு தாள்களாகப் படிக்க வேண்டுமா? – முதுநிலை மாணவர் ஒருவர்

பதில்: கட்டாயம் படிக்க வேண்டும். காரணம் உங்கள் துறையின் ஆய்விலேயே இருக்கிறது. பிளாண்ட்வில்லேஜ் தொகுப்பின் 54,306 இலைப் படங்களைக் கொண்டு 14 பயிர்களையும் 26 நோய்களையும் அடையாளம் காணக் கணினியைப் பழக்கிய ஆய்வு 2016-இல் வெளியானது. அதே தொகுப்பிலிருந்து ஒதுக்கி வைத்த படங்களைக் கொடுத்தபோது அது 99 விழுக்காட்டுக்கும் மேல் சரியாகச் சொன்னது. வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது அந்தத் திறன் 31 விழுக்காட்டு அளவுக்கு இறங்கிவிட்டதை ஆய்வாளர்களே பதிவு செய்தார்கள். தொகுப்பில் இருந்தவை ஒற்றை இலையைப் பறித்து வெற்றுப் பின்னணியில் வைத்து எடுத்த படங்கள். வயலில் இலை அப்படி இருப்பதில்லை. அதன்மேல் நிழல் விழுகிறது, புழுதி படிகிறது, பக்கத்து இலை மறைக்கிறது, ஒரே இலையில் இரண்டு நோய்களும் இருக்கின்றன. கருவிகள் அதன்பின் முன்னேறியிருக்கின்றன. ஆனாலும் வயல் படத்தைப் போல இராது என்ற உண்மை மாறவில்லை.

இதே தவற்றை நானும் செய்தேன். இணையவழியில் நோயியல் நடத்திய முதல் பருவத்தில், மஞ்சளான இலைகளின் படங்களை நன்றாகக் கத்தரித்து, பெரிதாக்கி, ஒவ்வொன்றாகக் காட்டினேன். மாணவர்கள் எல்லாவற்றுக்கும் சரியாக விடை சொன்னார்கள், நானும் மகிழ்ந்தேன். வளாகம் திறந்தபின் வயலுக்கு அழைத்துச் சென்று மஞ்சளான ஒரு செடியின் முன் நிறுத்தியபோது அவர்கள் தடுமாறினார்கள். காரணத்தை அன்றிரவு யோசித்தபோதுதான் கண்டேன். தழைச்சத்து செடிக்குள் இடம்பெயரக் கூடியது. பற்றாக்குறை வந்தால் முதிர்ந்த இலையிலிருந்து இளந்தளிருக்குப் போய்விடும். அதனால் அடியிலைகள் முதலில் மஞ்சளாகின்றன. இரும்புச்சத்து அப்படி நகராது. ஆகவே அது குறைந்தால் நுனி இலைகள், நரம்புகள் பச்சையாக இருக்க, இடைப்பகுதி வெளுக்கின்றன. செடியின் எந்த உயரத்தில் மஞ்சள் தொடங்குகிறது என்பதுதான் முதல் கேள்வி. இலையைக் கத்தரித்துக் காட்டிய நான் அந்தக் கேள்வியையே கத்தரித்து எறிந்திருந்தேன். அடுத்த பருவத்திலிருந்து வயல் முழுவதையும், பிறகு ஒரு செடியை, அதன்பின் இலையை என்ற வரிசையில்தான் படம் காட்டுகிறேன். இலைக்கு வருவதற்கு முன் மாணவர்கள் தம் ஊகத்தை எழுதிவிட வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வாடி நிற்கும் தக்காளிச் செடியின் படத்தை வைத்து, நீர் குறைந்ததா, பூஞ்சை வாடலா, பாக்டீரியா வாடலா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. தண்டை அடியில் சாய்வாக வெட்டி, கண்ணாடிக் குவளையின் தெளிந்த நீரில் அதன் முனை மட்டும் அமிழுமாறு பிடித்துக்கொண்டு அசையாமல் காத்திருங்கள். பாக்டீரியா வாடலாக இருந்தால் சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் போன்ற மெல்லிய இழை நீரில் இறங்கும். இதற்குக் கத்தியும் குவளையும் போதும். அந்த இழை இறங்குவதைத் தம் கையில் ஒருமுறை கண்டவர் அதைப் பிறகு மறப்பதில்லை.

கேள்வி: இணையத் தேர்வில் எல்லா விடைத்தாள்களும் ஒன்றுபோல இருக்கின்றன. கேமரா வைத்துக் கண்காணிப்பதுதான் வழியா? – ஒரு பேராசிரியர்

பதில்: கேமரா மாணவரை அவமதிக்கிறது, நகலெடுப்பதையும் முழுமையாகத் தடுப்பதில்லை. வினாவை மாற்றுங்கள் ஐயா. தெளிப்பானை அளவீடு செய்யும் பாடத்தில் “எக்டருக்கு எத்தனை லிட்டர் என்பதற்கான சூத்திரத்தை எழுதுக” என்று கேட்டால் ஒருவர் எழுதியதை எல்லோரும் எழுதுவார்கள். அதற்குப் பதிலாக, தெளிப்பான் முனை நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வெளியேற்றுகிறது என்பதையும் தாம் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிறோம் என்பதையும் அவரவரே அளந்து கணக்கிடச் சொல்லுங்கள். நிமிடத்துக்கு 0.8 லிட்டர், தெளிப்பு அகலம் ஒரு மீட்டர் என்று இருவருக்கும் ஒன்றாகவே இருந்தாலும், மணிக்கு 3 கிலோமீட்டர் நடப்பவருக்கு எக்டருக்கு 160 லிட்டர் வரும். 4 கிலோமீட்டர் நடப்பவருக்கு 120 வரும். அவரவர் நடை அவரவருக்கே உரியது. கணக்கோடு, நடந்த தூரத்தையும் எடுத்த நேரத்தையும் எழுதிய குறிப்பேட்டின் படத்தையும் வாங்கிக்கொண்டு, ஐந்து நிமிடம் வாய்மொழியாக இரண்டு கேள்விகள் கேட்டால், செய்தவர் யார் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். வேலை கூடும் என்பதை மறுக்கவில்லை. அதற்கான நேரத்தை, பதிவு செய்த விரிவுரைகளால் மிச்சமான மணிகளிலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும், நிர்வாகமும் அதை ஆசிரியரின் பணிக்கணக்கில் சேர்க்க வேண்டும்.

கேள்வி: போலி மாதிரிகளிலும் கணினி விளையாட்டைப் போன்ற மென்பொருள்களிலும் பழகியவர்கள் உண்மையான பயிரையும் கால்நடையையும் கையாளுவார்களா? – ஓய்வுபெற்ற விரிவாக்க அலுவலர் ஒருவர்

பதில்: உண்மைக்கு முன்னால் பழகுவதற்கு என்றால் நன்றாகவே கையாளுவார்கள். பிரிட்டனில் கால்நடை மருத்துவர் சாரா பெய்லி உருவாக்கிய ‘ஹாப்டிக் கௌ’ என்ற கருவியைச் சொல்கிறேன். பசுவின் பின்பகுதியைப் போன்ற கூட்டுக்குள் மாணவர் கையை விடுகிறார். உள்ளே இருக்கும் இயந்திரம் கருப்பையும் சினைப்பையும் இருப்பதைப் போன்ற தொடுவுணர்வைத் தருகிறது. உண்மையான பசுவில் மாணவரின் கை எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்பது ஆசிரியருக்குத் தெரியாது. இந்தக் கருவியில் அது திரையில் தெரிகிறது, “இன்னும் சற்று இடப்பக்கம்” என்று அவர் வழிகாட்ட முடிகிறது. பசுவுக்கும் வேதனை குறைகிறது.

பயிரில் இதற்கு இணையானவை டிஎஸ்எஸ்ஏடி, ஏப்சிம் போன்ற, பயிர் வளர்ச்சியைக் கணக்கிட்டுக் காட்டும் கணினி மாதிரிகள். நான்காண்டுப் படிப்பில் ஒரு மாணவர் ஒரே பயிரை எத்தனை முறை விதைத்து அறுவடை காண முடியும்? மாதிரியிலோ, முப்பது ஆண்டுகளின் வானிலைப் பதிவைக் கொடுத்து, விதைப்பைப் பதினைந்து நாள் தள்ளினால் எத்தனை ஆண்டுகளில் விளைச்சல் குறைந்திருக்கும் என்று ஒரே பிற்பகலில் பார்த்துவிடலாம். அதன் விடையை ஒரு பாத்தியிலேனும் விதைத்து ஒப்பிட்டுப் பார்க்க வைக்காத ஆசிரியர், பாடத்தைப் பாதியில் நிறுத்தியவர் ஆகிறார்.

கேள்வி: என் மகனை முழுவதும் இணையவழியில் நடக்கும் வேளாண் பட்டப்படிப்பில் சேர்க்கலாமா? – ஒரு தந்தை

பதில்: முதல் பட்டத்துக்கு வேண்டாம் என்பேன். ஏற்கெனவே பட்டம் பெற்றுப் பணியில் இருப்பவர் வேளாண் பொருளியலோ புள்ளியியலோ வேளாண் வணிகமோ படிப்பதற்கு அது ஏற்றது. இளையவருக்கு மண்ணும் செடியும் உடன்படிக்கும் நண்பர்களும் வேண்டும். தனியாகத் திரைமுன் உட்கார்ந்து முடிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரு கணக்கு: எம்ஐடியும் ஹார்வர்டும் எட்எக்ஸ் தளத்தில் நடத்திய திறந்தநிலைப் பாடங்களில் 2017–18-இல் பதிவு செய்தவர்களுள் ஏறத்தாழ 3 விழுக்காட்டினர் மட்டுமே முடித்ததாக 2019-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. கட்டணமில்லாமல் எட்டிப் பார்க்க வந்தவர்களும் அதில் உண்டு. ஆகவே அதைப் பட்டப்படிப்போடு அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் சேர்க்கும் முன், செயல்முறை வகுப்பு எங்கே, எத்தனை நாள், யார் மேற்பார்வையில் நடக்கும் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கட்டணமின்றிக் கிடைக்கும் நம்பகமான பாடங்களும் ஆய்விதழ்களும் எவை? – பலர்

பதில்: ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு நடத்தும் மின்கற்றல் தளத்தில் உணவுப் பாதுகாப்பு, காலநிலை மாற்றம், இயற்கை வளம் பற்றிய பாடங்கள் பல மொழிகளில் இலவசமாக இருக்கின்றன. நெதர்லாந்தின் வாகெனிங்கன் பல்கலைக்கழகம் எட்எக்ஸ் தளத்தில் தரும் பாடங்கள் பாட அமைப்புக்கு நல்ல முன்மாதிரி. பாடத்தளம் அமைக்க விரும்பும் கல்லூரிக்கு, 2002 முதல் இருந்துவரும் மூடில் என்ற கட்டற்ற மென்பொருள் போதும். ஆய்விதழ்களுக்கு, 2003-இல் அதே ஐ.நா. அமைப்பு தொடங்கிய அகோரா திட்டம் இருக்கிறது. வருவாய் குறைந்த நாடுகளின் நிறுவனங்களுக்கு அது இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ இதழ்களைத் திறந்துவிடுகிறது. அதில் தனிநபர் பதிவு செய்ய முடியாது, நிறுவனம்தான் பதிவு செய்ய வேண்டும். ஆகவே உங்கள் கல்லூரிக்கு அந்தத் தகுதி உண்டா, பதிவு செய்திருக்கிறார்களா என்று நூலகரிடம் முதலில் கேளுங்கள்.